இரண்டு சென்ரிமீற்றர்

முள்ளியவளையில் ஒரு வீட்டில் பிக்கப் நிற்கிறது என்றால் அது அந்த வீட்டுக்கு மட்டும் உரிய வாகனம் இல்லை. கச்சான் மூட்டை, நெல்லு மூட்டை, சீமெந்து, கலியாண வீட்டுக் கதிரை, செத்தவீட்டுப் பந்தலுக்குத் தகரம், வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போற சனம், இரவில சுகமில்லாமல் போற ஆள் எல்லாம் அதிலதான் ஏறும். எங்கட வீட்டில நிற்கிறது ரொயோட்டா ஹைலக்ஸ், எல்.என். 106 என்கிற பழைய மொடல். என்னைவிட வயது கூடினது. அப்பா அதை 2016 இல் லீசிங்குக்கு எடுத்தார். கட்டி முடிக்க ஐந்து வருசம் போனது. வரவு செலவுக் கொப்பி என்ர கையில இருக்கிறதால் அந்த ஐந்து வருசமும் எனக்கு மாசம் மாசமாகத் தெரியும்.

இந்த வருசம் அதின்ர நாலு ரயரும் ஒரேயடியாத் தேய்ந்துபோச்சு. புது ரயர் போடவேணும் என்பதில் வீட்டில ஒருவருக்கும் மறுப்பில்லை. எந்த அளவில போடுறது என்பதில்தான் மூன்று கிழமை சண்டை.

தம்பிக்குப் பெரிய ரயர் வேணும். தாய்லாந்துப் பெடியள் ஹைலக்ஸை உயர்த்திப் பெரிய ரயர் போட்டு ஓடுற வீடியோக்களை இரவிரவாகப் பார்க்கிறவன் அவன். ஆனால் அவன் சொன்னதெல்லாம் வெறும் ஸ்ரைல் கதை என்று தள்ளிவிட ஏலாது. "அக்கா, மாரியில எங்கட றோட்டு எப்பிடி எண்டு உனக்குத் தெரியும்தானே. கச்சான் தோட்டத்துக்குள்ள அடி முட்டுது. மதகுக்கு மேல தண்ணி ஓடுது. உயரம் காணாது." இதுதான் அவன்ர வாதம். அவன் கேட்ட அளவு 265/70 ஆர் 16.

அப்பா ஒரே வரியில முடித்தார். "வந்த அளவையே போடு. கொம்பனிக்காரன் விசரனே?"

தம்பி சொன்னதிலும் நியாயம் இருக்கு, அப்பா சொன்னதிலும் நியாயம் இருக்கு. ஆனால் இரண்டு பேரும் கணக்குச் சொல்லவில்லை. அதனால் நான் கொப்பியை எடுத்துக்கொண்டு பிக்கப்புக்குப் பக்கத்தில குந்தினேன்.

ரயரின்ர சுவரில எழுதியிருக்கிறதை எங்களில பலபேர் வாசிக்கிறதில்லை. வாசித்தால் அரைவாசிச் சண்டை அதிலேயே முடிந்துவிடும். 265/70 ஆர் 16 என்றால் ரயரின்ர அகலம் 265 மில்லிமீற்றர். 70 என்பது பக்கச்சுவரின் உயரம், அதுவும் அகலத்தில் நூற்றுக்கு 70 பங்கு. ஆர் என்பது ரேடியல், உள்ளே நூல் ஓடுற முறை. 16 என்பது றிம்மின்ர விட்டம், இஞ்சியில். ஒரே பெயருக்குள்ள மில்லிமீற்றரும் நூற்றுவீதமும் இஞ்சியும் கலந்து கிடக்கு. சாதாரணதரக் கணிதம் படித்த எவரும் மிச்சத்தைச் செய்யலாம். 265 இன் 70 வீதம் 185.5. மேலும் கீழும் இரண்டு சுவர், ஆக 371. அதோடு றிம்மின்ர 16 இஞ்சி, அதாவது 406 மில்லிமீற்றர். மொத்த விட்டம் 777 மில்லிமீற்றர்.

எங்கட பிக்கப்பில நின்றது 205 ஆர் 16 சி. இதில நடுவில விகிதம் எழுதியிருக்காது. அது பழைய முறை, சுவர் ஏறத்தாழ 80 வீதம் என்று எடுக்கவேணும். அந்தக் கணக்கில விட்டம் 734 மில்லிமீற்றர்.

வித்தியாசம் 43 மில்லிமீற்றர். தம்பி சந்தோசப்பட்டான். "நாலு சென்ரிமீற்றர் உயருது, பாத்தியே!" ஆனால் வாகனம் நிற்கிறது ரயரின்ர நடு அச்சில. விட்டம் எவ்வளவு கூடினாலும் அதில பாதிதான் வாகனத்தை உயர்த்தும். மிச்சப் பாதி அச்சுக்கு மேல, மட்காட் பக்கம் போய்விடும். ஆக, அவன் கேட்கிற பெரிய ரயர் எங்களுக்குத் தரப்போறது இரண்டு சென்ரிமீற்றர், கொஞ்சம் கூட. ஒரு விரலின்ர அகலத்தைவிடச் சற்றுப் பெரிசு.

அந்த இரண்டு சென்ரிமீற்றருக்கு என்ன விலை?

முதலாவது, றிம். எங்கட பழைய இரும்பு றிம்மின்ர அகலம் 6 இஞ்சி. 265 ரயருக்குக் குறைந்தது 7 இஞ்சி வேணும். ஒடுங்கின றிம்மில அகலமான ரயரை ஏத்தினால் நடுப்பகுதி வெளியே தள்ளி அதுமட்டும் தேயும், வளைவில ஆட்டமும் எடுக்கும். ஆக ரயரோட சேர்த்து றிம்மும் வேண்டவேணும்.

இரண்டாவது, இழுவை. ரயர் பெரிசானால் ஒரு சுற்றில கூடத் தூரம் போகும், ஆனால் தள்ளுற விசை குறையும். எங்கட கணக்கில இது ஏறத்தாழ நூற்றுக்கு 6. எங்கட டீசல் எஞ்சின் ரேபோ இல்லாதது. முழுப்பாரத்தோட மண் ஏத்தத்தில ஏற்கனவே மூச்சு வாங்குது. அந்த 6 வீதத்தையும் பறித்தால் கிளச்சுக்குத்தான் வேலை. பிரேக்குக்கும் இதே கதைதான். அதே மிதிக்கு முந்தினதைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும். இறங்குகிற ஒரு றோட்டில, பின்னால ஒரு தொன் பாரத்தோட, குறுக்க ஒரு மாடு வந்தால் அந்த 6 வீதம் என்னவென்று விளங்கும்.

மூன்றாவது, மீற்றர். ஸ்பீடோமீற்றர் சில்லின்ர சுற்றைத்தான் எண்ணுது, றோட்டைப் பார்க்கிறதில்லை. பெரிய ரயரில 70 காட்டும்போது உண்மையில 74 இல் போவோம். பொலிஸ் கருவி 74 என்றுதான் காட்டும். தூரத்தையும் அது குறைத்து எண்ணும். பிறகு "ரயர் மாத்தினாப்பிறகு டீசல் கூடக் குடிக்குது" என்று கணக்குப் பார்க்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்கவேணும்.

நாலாவது, ஐந்தாவது ரயர். இதை எல்லாரும் மறக்கிறார்கள். ஸ்பெயார் வீலும் அதே அளவில இருக்கவேணும். எங்கட பிக்கப் தேவைப்படும்போது நாலு சில்லுக்கும் இழுவை குடுக்கிற வகை. முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு அளவு ரயரோட நாலு சில்லையும் பூட்டினால் ஒன்று கூடத் தூரம் போகப் பார்க்கும், மற்றது விடாது, நடுவில கியர்பெட்டிதான் அகப்படும். காசு காணாது என்று பின்னுக்கு மட்டும் பெரிய ரயர் போட்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாகனத்தில நாலு சில்லு இழுவை இருந்தும் இல்லாத மாதிரித்தான். ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில காட்டு றோட்டில, யானை கடக்கிற நேரத்தில காத்துப் போனால், பொருந்தாத ஸ்பெயார் வீலை வைத்து என்ன செய்யிறது?

ஐந்து ரயர், ஐந்து றிம். கூட்டிப் பார்த்தால் ஒரு போகம் முழுக்கக் கச்சான் ஏத்தி இறக்கின காசு அதிலேயே போகுது.

இவ்வளவும் சொன்னபிறகு தம்பி கொஞ்சம் இறங்கி வந்தான். ரயர் கடை அண்ணை நடுவழி ஒன்று காட்டினார். பாவித்த ரயர், 245/70 ஆர் 16, பொத்துவிலி ஒன்றும் இல்லை, விலையும் மலிவு. பார்க்கவும் எங்கடதைவிட அகலம், நல்ல எடுப்பு. நான் சுவரைப் பார்த்தேன். அளவுக்குப் பக்கத்தில சின்னதாக 107 என்று எழுதியிருந்தது.

அந்தச் சின்ன இலக்கம்தான் பாரச் சுட்டி. ஒரு ரயர் எவ்வளவு கிலோ தாங்கும் என்பதற்கு அட்டவணை இருக்கு. 107 என்றால் 975 கிலோ. எங்கட பழைய ரயரில இருந்தது 110, அதாவது 1060 கிலோ. ஒடுங்கலாக, பார்க்க நோஞ்சானாக இருக்கிற 205 இல் பின்னால 'சி' என்று எழுதியிருக்கிறது பாரம் ஏத்துற வாகனத்துக்கு என்று செய்த ரயர் என்பதால். அந்த அகலமான 245 ஆட்கள் ஏறி ஓடுற ஜீப்புக்குச் செய்தது. பின்னச்சில இரண்டு ரயருக்கும் சேர்த்து 170 கிலோ குறையுது. இரண்டரை மூட்டை நெல்லு. பார்வைக்குப் பெரிசு, பாரத்துக்குச் சின்னன். பாரம் கூடினால் சுவர் நெளியும், நெளிந்தால் சூடேறும், சூடேறினால் வெயில் நேரத்து ஏ34 வீதியில எங்கேயோ வெடிக்கும்.

அண்ணையிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "உண்மைதான் பிள்ளை, ஆனா வாறவையில நூறில ஒராள்கூட இதைக் கேக்கிறேல்ல. எத்தினை பிளை எண்டு கேப்பினம், என்ன விலை எண்டு கேப்பினம், அவ்வளவுதான்" என்றார்.

பெரிய ரயர் மேல எங்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று நான் யோசித்திருக்கிறேன். வீடியோ மட்டும் காரணம் இல்லை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பெரிய ரயர் என்றால் அதிகாரம். 2004 சுனாமிக்குப் பிறகு முல்லைத்தீவுக்கு வந்த வெள்ளை வாகனங்கள், நீள அன்ரெனா, கொடி, நெஞ்சளவு சில்லு. அவை வந்தால் சாமான் வரும், பதிவு வரும், ஆரோ எங்களைப் பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கை வரும். 2008 செப்ரெம்பரில் அரசாங்கம் வெளியேறச் சொன்னதும் ஐ.நா.வும் சர்வதேச நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு அதே வாகனங்களில் வெளிக்கிட்டன. போகவேண்டாம் என்று சனம் வழியில நின்று கேட்டது. பெரிய சில்லெல்லாம் போனபிறகு எங்களைக் காவினது உழவு மெசினும், லான்ட்மாஸ்ரரும், சைக்கிளும். எங்கட குடும்பம் முள்ளியவளையை விட்டுப் புதுக்குடியிருப்புப் பக்கம் போனது அப்பாவின்ர லான்ட்மாஸ்ரர்ப் பெட்டியில. அது மாத்தளனில நின்றுபோனது. நாங்கள் நடந்தோம். பிறகு திரும்பி வந்து பார்த்தால், புதுக்குடியிருப்புப் பக்கம் றோட்டுக் கரையில எரிந்த வாகனங்கள் மலைமாதிரிக் குவிந்து கிடந்தன. எல்லாம் வெறும் றிம். ஒன்றிலும் ரயர் இல்லை.

தம்பிக்கு அப்போது ஐந்து வயது. அவனுக்கு இதெல்லாம் அரைகுறை ஞாபகம். ஆனால் பெரிய சில்லு உள்ளவன் தப்பிப் போவான் என்பது அந்தக் காலத்தைக் கண்ட எங்கட எல்லாருக்குள்ளயும் எங்கேயோ ஊறித்தான் கிடக்கு.

அப்பாவின்ர பிடிவாதத்துக்கும் இதைப்போல ஒரு வேர் இருக்கு. 1990களில், பொருளாதாரத் தடை நேரத்தில, வன்னியில கார்கள் மண்ணெண்ணெயில ஓடின. ஸ்ராட் பண்ண மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல். வெடித்த ரயருக்குள்ள இன்னொரு பழைய ரயர்த் துண்டை வைத்து அப்பா ஓடியிருக்கிறார். இருக்கிற சாமானை அதின்ர கடைசி மூச்சுவரை பாவிக்கிறது அவர் தலைமுறையின்ர படிப்பு. அது 2020க்குப் பிறகு எங்களுக்கும் வந்தது. அந்த வருசம் வாகன இறக்குமதி நின்றது, ரயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. 2022 இல் எரிபொருள் வரிசை, பிறகு கியூ.ஆர். அட்டை. சொந்த வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது 2025 இல். திறந்தும் என்ன, அந்த விலைக்கு எங்களால் ஏலாது. ஆக, இந்தப் பழைய ஹைலக்ஸ்தான் எங்களுக்கு இன்னும் பத்து வருசத்துக்கு.

இதில ஒரு வேடிக்கையும் இருக்கு. றப்பர் எங்கட நாட்டில விளையுற மரம். 1876 இல் கம்பஹாவுக்குப் பக்கத்தில ஹெனரத்கொடைத் தோட்டத்தில முதல் கன்றுகளை வைத்தார்கள். டன்லொப் தன் மகனின்ர மூன்றுசில்லுச் சைக்கிளுக்குக் காத்து ரயர் செய்தது அதுக்குப் பன்னிரண்டு வருசம் கழித்து, 1888 இல். களுத்துறையிலும் கேகாலையிலும் மழைக்குள்ள பால் வடிகிற மரம், முள்ளியவளைக்கு வந்து சேரும்போது ஒரு குடும்பத்தின்ர அரை வருச உழைப்பாகிவிடுது.

மிச்சம் இருந்தது தண்ணி. தம்பியின்ர பெரிய வாதமே அதுதான். 2018 டிசம்பர் வெள்ளத்தை அவன் மறக்கவில்லை. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணிக்குள்ள கிடந்த அந்த நாட்களில் ஒரு இரவு, ஒழுங்கைக்கு அங்கால இருந்த அக்காவுக்குப் பிள்ளைப்பேற்று நோ வந்திட்டுது. அப்பா எங்கட மதகடிவரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார். மேலால தண்ணி இழுத்துக்கொண்டு ஓடினது. அவர் கடக்கவில்லை. பின்னால திருப்பி, வேற பக்கத்தால சுத்தி, ஒரு மணித்தியாலம் கூட எடுத்து மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிள்ளை ஆஸ்பத்திரியிலதான் பிறந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகுது. "பெரிய ரயர் இருந்திருந்தா நேர போயிருக்கலாம்" என்று தம்பி இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

போயிருக்க ஏலாது. ஓடுற தண்ணி 30 சென்ரிமீற்றர் இருந்தாலே சின்னக் கார்களைத் தூக்கத் தொடங்கும். 60 சென்ரிமீற்றரில் பிக்கப்பும் ஜீப்பும்கூட அடிபட்டுப் போகும். அகலமான ரயருக்குள்ள காத்து கூட, அது தண்ணியில மிதவை மாதிரி இன்னும் கெதியாக மிதக்கத்தான் உதவும். நானும் தம்பியும் அளவு நாடாவோட அந்த மதகடிக்குப் போனோம். வெள்ளம் நின்ற கறை கரைக்கட்டில இன்னும் இருக்கு. றோட்டில இருந்து அளந்தால் 58 சென்ரிமீற்றர். தம்பி நாடாவைச் சுருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. "அதில ரெண்டைக் கழிச்சா அம்பத்தாறு" என்றான் பிறகு.

கடைசியில் நாங்கள் போட்டது 225/75 ஆர் 16. முன்னால எல்.ரி என்று எழுதியிருக்கிற, பாரத்துக்கு என்று செய்த வகை. எங்கட 6 இஞ்சி றிம்மிலயே உட்காரும். விட்டம் 744, பழையதைவிட ஒரு சென்ரிமீற்றர் கூட. வாகனம் உயர்ந்தது அரைச் சென்ரிமீற்றர். மீற்றரில வித்தியாசம் நூற்றுக்கு ஒன்று சொச்சம். பாரச் சுட்டி 115, ஒரு ரயர் 1215 கிலோ. ஆனால் அந்தப் பாரத்தை அது தாங்குறது 80 பி.எஸ்.ஐ. காத்து இருந்தால்தான், அதையும் சுவரிலேயே எழுதியிருக்கு. பூவும் கொஞ்சம் முரடான பூ. அதனால் தம்பிக்கும் ஒரு திருப்தி. றிம் வேண்டாத காசில ஐந்தாவது ரயரும் புதிசாக வந்தது. மிச்சத்தில அப்பா காத்து அளக்கிற கருவி ஒன்று வேண்டினார்.

அந்தச் சின்னக் கருவிதான் உண்மையில எங்கட ஓட்டத்தை மாத்தினது. கச்சான் ஏத்தினால் பின்னுக்குக் காத்தைக் கூட்டுறது, வெறுமையாக வந்தால் குறைக்கிறது. சிலாவத்தைக் கடற்கரை மணலுக்குள்ள இறங்க முன்னம் இருபதுக்குக் கிட்ட இறக்குறது, றோட்டுக்கு ஏறினதும் திரும்ப அடிக்கிறது. மணலில புதையாமல் காப்பாத்துறது ரயரின்ர அளவைவிட அதுக்குள்ள இருக்கிற காத்துத்தான். தோட்டத்துச் சேத்துக்கு ஒடுங்கின ரயர்தான் நல்லது, அது வெட்டிக்கொண்டு போய் அடியில இருக்கிற கெட்டி மண்ணைப் பிடிக்கும். உழவு மெசினின்ர முன்சில்லைப் பாருங்கோ, விளங்கும்.

உங்கட வீட்டிலயும் ரயர் மாத்திற நேரம் வந்தால் விலை கேட்க முன்னம் மூன்றைப் பாருங்கோ. பாரச் சுட்டி உங்கட பழைய ரயரைவிடக் குறையக் கூடாது. றிம்மின்ர அகலத்துக்கு அது பொருந்தவேணும். மூன்றாவது, சுவரில ஒரு நீள்வட்டத்துக்குள்ள இருக்கிற நாலு இலக்கம். 2324 என்றால் 2024 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமையில செய்தது. பூ புதிசாக இருந்தாலும் பழைய றப்பர் வெடிப்பு விடும். பூ ஒட்டின றீபில்ட் ரயர் போடுறதென்றால் பின்னுக்குப் போடுங்கோ, முன்னுக்கு வேண்டாம். முன்சில்லு வெடித்தால் ஸ்ரேறிங் உங்கட கையில இல்லை.

தம்பி இப்போது வேறொரு கணக்கில நிற்கிறான். அந்த மதகின்ர அகலம், கறையின்ர உயரம், அதைக் கடந்து பள்ளிக்கூடம் போற பிள்ளைகளின்ர எண்ணிக்கை, மாரியில எத்தனை நாள் அது மூடிக்கிடக்கு என்று எல்லாவற்றையும் ஒரு தாளில எழுதி, கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோனான். மதகை உயர்த்தவேணும் என்று ஊர் எத்தனையோ தரம் கேட்டிருக்கு. எத்தனை சென்ரிமீற்றர் என்று ஒருவரும் எழுதிக் குடுத்ததில்லை. இந்தமுறை கடிதத்தில் 58 என்று இருக்கு. கீழே கையெழுத்து வைக்க வந்தவர்களில் முதல் ஆள், அந்த இரவு எங்கட பிக்கப்பில ஏறின அக்கா.